மாமரம் வேண்டாம் என்று சொன்னவருக்கு

இந்த ஆரஞ்சுத் துணியை நேற்றுத்தான் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்தேன். ஒன்றரை முழம் நீளம், நாலு விரல் அகலம். ஒரு ஓரத்தில் கட்டிங் மிஷினின் கத்தி வளைந்து போன தடம் அப்படியே இருக்கிறது. ஆறு வருடம் மண்ணுக்குள் கிடந்த துணி. ஒரு நூல் விட்டுப்போகவில்லை, சாயம் இறங்கவில்லை. போன மாதம் ஜேசிபி வந்து நம் கொல்லையை வாரிப் போட்டபோது அதன் பல்லில் மாட்டிக்கொண்டு தொங்கியது. நான் போய் இழுத்து எடுத்து வந்தேன். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பிளாஸ்டிக் கருகுகிற வாடை அடித்தது. நூல் சுருண்டு, கறுப்பாக, கடுகு அளவுக்கு ஒரு உருண்டையாக நின்றது. காட்டனாக இருந்தால் காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பலாக உதிர்ந்திருக்கும். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்தத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு ஒரே ஒரு தீக்குச்சி கிழித்துப் பாருங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்? "இருபது வருசமாத் துணி வெட்டுறேன். தொட்டாத் தெரியாதா எனக்கு?" என்றீர்கள்.

போய்ச் சேர்ந்தவரைத் திட்டக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பதினாலு மாதம் திட்டாமல் இருந்து பார்த்தேன். இனி என்னால் முடியாது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியே மண் கொத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். துணி விஷயத்தைக்கூட விடுங்கள், அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அருள்புரத்து லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே வரிசையில் ஆறு வீடு. ரோட்டுப் பக்கம் மாடியில் வீட்டுக்காரர், கோடியில் நாம். கோடி வீட்டுக்கு மட்டும்தான் பின்கதவு உண்டு என்று பெருமையாகச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். கதவைத் திறந்தால் என்ன இருந்தது? ஆறு வீட்டுக் குளிக்கிற தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் வந்து தேங்குகிற ஒரு குழி. அதைச் சுற்றி, வீடு கட்டும்போது விட்டுப்போன செங்கல் துண்டு, கான்கிரீட் கட்டி, உடைந்த கக்கூஸ் பீங்கான், ஒரு சீமைக்கருவேலம் புதர். கொசுவைச் சொல்லவே வேண்டாம். அந்தக் கதவை நாம் இரண்டு வருடம் திறக்கவில்லை. கீழே இடுக்கில் பழைய பனியனைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தோம்.

சின்னவன் பாண்டி காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகுதான் நீங்கள் போய் வீட்டுக்காரரைப் பார்த்தீர்கள். நான் அனுப்பினேன் என்று சொல்வதுதான் சரி. "நாக்கப் பிடுங்குற மாதிரிக் கேளுங்க. வாடகை மட்டும் தேதி தவறாம வாங்கத் தெரியுதுல்ல" என்று சொல்லி அனுப்பினேன். நீங்களா அப்படிக் கேட்கிற ஆள்? சிரித்துக்கொண்டே திரும்பி வந்தீர்கள்.

"கேட்டீகளா?" என்றேன்.

"கேட்டேன். நாமளே சுத்தம் பண்ணிக்கலாம்னுட்டாரு. செடி கிடி வச்சுக்கிட்டாலும் சரிதானாம்."

"அவரு எடத்த நாம சுத்தம் பண்ணணுமா? நல்லாருக்கே நாயம். வேற என்ன சொன்னாரு?"

"வேற என்ன சொல்லுவாரு. பண்ணிக்கோங்கன்னாரு."

அந்தக் கடைசிப் பதிலைச் சொல்லும்போது குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

காசு போட்டு ஒரு சாமான் வாங்கக் கூடாது என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே சட்டம் போட்டீர்கள். சட்டம் போடாவிட்டாலும் வாங்குவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன விதத்தில் பிள்ளைகளுக்கு அது ஒரு பந்தயமாகிப்போனது. ரேவதிக்கு அப்போது பதின்மூன்று வயது, பாண்டிக்கு எட்டு. டைல்ஸ் கடை வாசலில் கொட்டியிருந்த உடைந்த டைல்ஸை அவள் பள்ளிக்கூடப் பையில் வைத்துத் தூக்கி வந்தாள். புத்தகத்தை எங்கே வைத்தாய் என்று கேட்டால் கையில் என்றாள். அந்தத் துண்டுகளை வைத்து வாய்க்கால் கட்டி, தேங்கின தண்ணீரைக் கோடியில் நட்ட வாழைக்குத் திருப்பினோம். வாழைக்கன்று உங்கள் கம்பெனி அயர்ன் மாஸ்டர் கொடுத்தது. சேவூர்க்காரர், சொந்தத் தோட்டம் உள்ளவர். துணி சுற்றி வருகிற கெட்டியான அட்டைக் குழாய்களை வரிசையாக நட்டு வேலி போட்டீர்கள். முதல் மழையில் வேலி களியாகி உட்கார்ந்துவிட்டது. அதற்கு நான் ஒரு வாரம் சிரித்தேன். பிறகு அதையே கிழித்துச் செடிகளுக்கு அடியில் போட்டோம்.

குழியை மூடுவதுதான் மலைப்பாக இருந்தது. லோடு மண் இறக்க வழியில்லை. அப்போதுதான் உங்களுக்கு அந்த யோசனை வந்தது. கட்டிங் வேஸ்ட்டில் நல்லதையெல்லாம் வேஸ்ட் கடைக்காரன் எடை போட்டு எடுத்துப் போய்விடுவான். ஆயில் பட்டது, தரையில் கூட்டி அள்ளினது மட்டும் மூட்டையாகக் கிடக்கும். அதைக் கேட்டு வாங்கிக் குழியில் நிரப்பி, மேலே நம் மண்ணையே இழுத்து மூடிவிட்டால் ஒரு வருடத்தில் மக்கி உரமாகிவிடும் என்றீர்கள்.

"காட்டன்தானா?" என்று கேட்டேன். கம்பெனி செக்கிங்கில் நின்று நாள் முழுக்கத் துணியைத் தடவுகிறவள் நான். அது பீச் ஃபினிஷ் போட்ட துணி. மேல்பக்கத்தைச் சுரண்டி மெத்தென்று ஆக்கிவிடுவார்கள். பாலியஸ்டர்கூடக் கைக்குக் காட்டன் மாதிரி இருக்கும். எனக்குச் சந்தேகமாக இருந்தது. தீப்பெட்டியைக் கொண்டு வந்து நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. கட்டிங் மாஸ்டர் அல்லவா, வீட்டில் பெண்டாட்டி முன்னால் தீக்குச்சி கிழிக்கலாமா? பதினோரு மூட்டையையும் குழியில் கொட்டி, மேலே மண் போட்டு, கத்தரி நாற்று நட்டோம்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நடந்தால் தரை மெத்தையாக அமுங்கி எழும்பியது. ஐப்பசி மழை வந்ததும் தண்ணீர் கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் அப்படியே நின்றது. கத்தரி வேர் அழுகிப் படுத்தது. கொசு திரும்பி வந்தது. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாம் நாலு பேரும் குழிக்குள் இறங்கி, நாமே புதைத்ததை நாமே தோண்டினோம். ஈரத்துணி என்ன கனம் கனத்தது. இடுப்பு அளவு சகதியில் நின்று நான் உங்களைப் பேசிய பேச்சில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். நீங்கள் பாட்டுக்கு அள்ளி அள்ளி வெளியே போட்டீர்கள். நடுவில் ஒரு தடவை ஒரு துண்டை எடுத்து, பிழிந்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பவும் காட்டன் மாதிரித்தாம்ல இருக்கு" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. முருங்கைப் போத்தை ஊன்றியிருந்த மூலையில் மட்டும் வேர் அறுந்துவிடும் என்று தோண்டாமல் விட்டோம். அந்த மூலையிலிருந்து வந்ததுதான் இந்த ஆரஞ்சுத் துணி.

அதற்குப் பிறகு அந்த இடம் அழகாகத்தான் ஆனது. இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக் வேஸ்ட்டை முடிச்சுப் போட்டு நீங்கள் கட்டிய பீர்க்கம் பந்தலைப் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் பந்தல் மொத்தமும் ஒரு பக்கம் நீண்டு, காற்று நின்றதும் தன் இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கும். பீர்க்கங்காய் ஊஞ்சலாடும். நூல் சுற்றி வருகிற காகிதக் கோனில் நாற்று விட்டோம். சட்டைக் கழுத்தில் தைக்கிற சைஸ் லேபிளை ரேவதி செடிக்குச் செடி கட்டினாள். நாற்றுக்கு எஸ், பூ விட்டால் எம், காய்த்தால் எல். வளர வளர லேபிளை மாற்றுவது பாண்டியின் வேலை. முருங்கைக்கு மட்டும் இரண்டு எக்ஸ் போட்ட லேபிள். ஞாயிறு மத்தியானம் வாழையடியில் பாயைப் போட்டுச் சாப்பிட்டோம். அடைத்து வைத்திருந்த கதவுக்கு வெளியே இவ்வளவு காற்று இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் காலையில் வந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடிப்பார். வீடு கேட்டு யாராவது வந்தால் மற்ற வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் நம் கொல்லைக்குக் கூட்டி வருவார். "பாருங்க, நம்ம பொடக்காலி. எப்படிப் பச்சுனு வச்சிருக்கறோம்." பொடக்காலி என்றால் இந்த ஊரில் கொல்லை. நம்ம பொடக்காலியாம். வைத்திருக்கிறோமாம். எனக்கு உள்ளே கொதிக்கும். நீங்கள் நாலு பீர்க்கங்காயைப் பறித்து அவர் கையில் கொடுத்து அனுப்புவீர்கள். "உங்க ஊட்டுக்காரரு தங்கமான மனுசனுங்க அம்மணி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். எதிர்த்துப் பேசாதவனுக்கு எல்லா ஊரிலும் இதே பட்டம்தான்.

இப்போது மாமரத்துக்கு வருகிறேன்.

ரேவதி பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு கன்று கொடுத்தார்கள். அவளுக்கு ஒட்டு மாங்கன்று கிடைத்தது. சும்மா கிடைத்தது, நம் சட்டத்துக்கும் பொருத்தமானது. முருங்கைக்கு எதிர் மூலையில் நட்டால் சின்னவன் கல்லூரி போகும்போது நிழலே வந்துவிடும் என்று நான் இடமெல்லாம் பார்த்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

"ஏன் வேணாம்?"

"காய்க்க நாளாகும்."

"ஆகட்டுமே. நாம எங்கிட்டுப் போகப்போறோம்?"

"வேரு செவுத்தப் பிளக்கும். அயர்ன் மாஸ்டருக்குக் குடுத்துருவோம். அவருக்குச் சொந்த மண்ணு இருக்கு."

"நம்ம மண்ணுக்கு என்ன கொறச்சல் வந்துச்சு?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். இந்தச் சிரிப்பைத்தான் நான் பதினாலு மாதமாக மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. வெண்டை போடு, கத்தரி போடு, பீர்க்கை போடு, மூணு மாதத்தில் காய்க்கிறதையே போடு என்று நிற்கிற மனுசனுக்கு மாமரத்தின் மேல் என்ன விரோதம் என்று புரியவில்லை. இன்னொன்றும் புரியவில்லை. ஒரு லேபிளைத் தொட்டாலே சண்டைக்கு வருகிற ரேவதி, தன் கன்றைத் தானே தூக்கிக்கொண்டு போய் சேவூர் பஸ் ஏறுகிற அயர்ன் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

போன வருடம் சித்திரையில், வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தீர்களாம். தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். அதைப் பற்றி எழுத வரவில்லை. அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

வருடம் திரும்பட்டும் என்று வீட்டுக்காரர் காத்திருந்தார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. வருடக் காரியம் முடிந்து எட்டாம் நாள், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பின்பக்கம் வழியாக வந்தார்.

"அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பொடக்காலியில ரெண்டு ரூம் எடுக்கலாம்னு இருக்கறனுங்க. வடக்கத்திப் பசங்க ரூம் கேட்டுட்டே இருக்கறாங்க."

"எங்க செடியெல்லாம் நிக்குதே" என்றேன்.

"அதானுங்க. உங்க ஊட்டுக்காரருகிட்ட அன்னைக்கே பேசுனதுதானுங்களே. எப்பக் கேட்டாலும் மறுபேச்சு இல்லாம விட்டுத் தர்றேன்னு சொன்னாருங்க. அந்தப் பேச்சு மேலதான் நானும் சரின்னேன். உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

எனக்குக் காது அடைத்தது. "அவரு இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு அவரு தலையில பேச்ச வைக்காதீக" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் ஆறு வீட்டுக்கும் கேட்டதாம். அவர் கோபப்படவில்லை. இந்த ஊர்க்காரர்களோடு சண்டை போடுவதில் இதுதான் கஷ்டம். அரிவாளை எடுத்து வெட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் வெட்டுவார்கள். "சரீங்க அம்மணி, பொறுமையா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். போகிற போக்கில் வழக்கம்போல ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு போனார்.

பச்சைப் பொய் சொல்கிறான் மனுசன் என்று நான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். ரேவதி உள்ளே இருந்து வந்தாள். கல்லூரி போகிற பெண், உயரத்தில் உங்களைத் தாண்டிவிட்டாள். இந்த ஊரிலேயே வளர்ந்ததால் பெற்ற தாயிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள்.

"அவரு பொய் சொல்லலீங்ம்மா. அப்பா எங்கிட்டச் சொன்னாரு."

"எப்ப?"

"மாங்கன்னு கொண்டாந்தன்னைக்கு."

"என்ன சொன்னாரு?"

அவள் உங்கள் பேச்சிலேயே, நம் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பேச்சிலேயே சொன்னாள். "'தாயி, இந்த எடம் கேட்டாக் குடுத்துரணும். கத்தரின்னா பிடுங்கிக் குடுத்துட்டுப் போயிரலாம். மாமரம்னா மனசு வராது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. சொன்னா ஒரு கல்லத் தூக்க மாட்டா'ன்னாருங்ம்மா."

நான் போய் வாழையடியில் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு வீட்டுக்காரர் மேல் கோபமே இல்லை. அவர் நீங்கள் கொடுத்த சொல்லைக் கேட்கிறார், அவ்வளவுதான். கோபம் முழுக்க உங்கள் மேல். ஐந்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். ஆறு நாளும் பத்து மணி நேரம் செக்கிங்கில் நின்று, காலில் நரம்பு முடிச்சு விழுந்து, ஏழாம் நாள் படுக்காமல் உங்களோடு சகதியில் நின்றேனே. முன்னாலேயே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்ட இடத்தில் என்னை வேலை செய்ய விட்டீர்கள். பெற்ற மகளுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இதுதான் நான் சொன்ன பெரிய விஷயம்.

இன்னும் ஆத்திரமூட்டுவது என்ன தெரியுமா? நீங்கள் சொன்னது உண்மை. தெரிந்திருந்தால் நான் ஒரு கல்லைத் தூக்கியிருக்க மாட்டேன். மாடி ஏறிப் போய், ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருப்பேன். அவர் முடியாதுங்க என்றிருப்பார். கதவு இடுக்கில் பனியனை அடைத்துக்கொண்டு நாம் அப்படியே இருந்திருப்போம். கொசு இருந்திருக்கும். பாண்டிக்கு இன்னொரு காய்ச்சல் வந்திருக்கும். உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனாலும் கேட்கிறேன். கட்டின பெண்டாட்டி இப்படித்தான் செய்வாள் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். சோறு போட்டிருக்க மாட்டேன். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் மண்வெட்டியை எடுத்திருப்பேனோ என்னமோ. அது எனக்கே தெரியாது. அந்த நாலு நாளை எனக்குத் தராமலே போய்விட்டீர்கள். துணியைத் தொட்டாலே தெரியும் என்ற மாதிரி என்னையும் தொட்டாலே தெரியும் என்று இருந்துவிட்டீர்கள்.

பீர்க்கங்காய் ஓய்கிற வரைக்கும் ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டேன். "தாராளமாங்க" என்றார் வீட்டுக்காரர். இருபதாம் நாள் காலையில் ஜேசிபி வந்து நிற்கிறது. "வண்டி இன்னைக்குத்தான் சிக்குச்சுங்க அம்மணி. காயெல்லாம் பறிச்சுக்கோங்க, வீணாப் போயிரும்." நம் காயை நம்மையே பறித்துக்கொள்ளச் சொல்கிறார், அதுவும் எவ்வளவு அக்கறையாக. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாண்டி ஓடிப்போய் முருங்கையில் கட்டியிருந்த லேபிளை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

இரண்டு எக்ஸ் போட்ட உங்கள் முருங்கை ஒரே தட்டில் முறிந்தது. ஒரு தட்டுத்தான். உள்ளே வெறும் சக்கை. வாழை அதைவிடச் சீக்கிரம் போனது. பந்தல் மட்டும் விடவில்லை. வண்டியின் கை இழுக்க இழுக்க உங்கள் எலாஸ்டிக் நீண்டுகொண்டே போய், அறுந்து, திரும்பி வந்து டிரைவர் முன்னால் இருந்த கண்ணாடியில் பளாரென்று அடித்தது. அவன் பயந்து தலையைக் குனிந்தான். பாண்டி சிரித்தான், ரேவதி சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் அப்போதுதான் வந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து தரை மட்டமாகிவிட்டது. டைல்ஸ் வாய்க்கால் இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

"ஊட்ட நான் கேக்கலீங்களே, நீங்க பாட்டுக்கு இருங்க" என்றார் வீட்டுக்காரர். பின்கதவுக்கு ஒரு கை தூரத்தில் சுவர் எழும்பப்போகிறது. "கதவத் தொறந்தா மூஞ்சி செவுத்துல முட்டும். நான் முட்டிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்த மாத முடிவில் காலி பண்ணினோம்.

இப்போது முதலிபாளையத்தில் இருக்கிறோம். என் கம்பெனி இங்கேதான், நடந்து போய்விடலாம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு இடம். ஜல்லியும் உடைந்த பாட்டில் துண்டும் கிடந்தன. வந்த மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மாவிடம் போய், "பின்னாடி கொஞ்சம் சுத்தம் பண்ணிக்கலாங்களா?" என்று கேட்டேன். எனக்கும் 'ங்க' ஒட்டிக்கொண்டுவிட்டது.

"பண்ணிக்கோ கண்ணு. ஆனா நான் கேட்டா விட்டுறோணும். மவன் காரு வாங்குனா நிறுத்தோணும்ங்கறான்" என்றார்.

அந்த அம்மா வீட்டு வாசலில் நான் நின்றபோது, அன்றைக்கு நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. முடியாது என்று சொன்னால் ஜல்லிதான் மிச்சம். சரி என்றுவிட்டு வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்ப்பது? "சரீங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். "பின்னாடி இருக்கிற எடம் நம்மது இல்ல. அந்தம்மா எப்பக் கேட்டாலும் விட்டுறணும், நான் வாக்குக் குடுத்துட்டேன். இத இப்பவே சொல்லிட்டேன். இஷ்டம்னா மண்வெட்டிய எடுங்க, இல்லன்னா விட்டுத் தள்ளுங்க."

ரேவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "காசு போட்டு ஒரு சாமானும் வாங்கக் கூடாதுங்களே, அப்படித்தானே?" என்றான். உங்கள் சட்டம். போய் மண்வெட்டியைத் தேடினான். அவனுக்கு நாலு நாள் தேவைப்படவில்லை. எனக்குக்கூட மண்வெட்டியை எடுக்க ஒரு ராத்திரிதான் ஆனது.

நாங்கள் வீடு மாறியது தெரிந்து அயர்ன் மாஸ்டர் தேடிக்கொண்டு வந்தார், கையில் ஒரு பை மாம்பழத்தோடு. "உங்க ஊட்டுக் கன்னுதானுங்க. இந்த வருசந்தான் மொதக் காப்பு. மாஸ்டருக்குக் குடுக்க முடியாமப் போயிருச்சு" என்றார். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டேன். பழம் இனிப்பாகத்தான் இருந்தது, உங்களுக்குச் சொல்ல மனசில்லை. ஒரு கொட்டையை எடுத்துக் காகிதக் கோனில் ஊன்றினேன். முளைத்து ஒரு சாண் வந்துவிட்டது. பாண்டி அதற்கு எஸ் லேபிள் கட்டியிருக்கிறான். முருங்கையிலிருந்து அவிழ்த்த லேபிளைப் பத்திரமாக வைத்திருக்கிறான், இதற்குத்தானாம்.

ஒட்டுக்கன்று கூட இல்லை, கொட்டை போட்டது. காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும் என்கிறார்கள். வேர் சுவரைப் பிளக்குமாம். பிளக்கட்டும். அந்த அம்மா கேட்கிற அன்றைக்குக் கொடுத்துவிடுவேன், சொன்ன சொல் மாற மாட்டேன். ஆனால் நீங்கள் செய்த மாதிரி, கேட்டதும் கையோடு பிடுங்கிக் கொடுக்க வசதியாக ஒன்றை நான் வளர்க்கப் போவதில்லை. கேட்கிறவர் ஒரு மரத்துக்கு முன்னால் நின்று கேட்கட்டும்.

இன்று மத்தியானம் அதைத் தரையில் நட்டேன். ஆனிக் காற்று இப்போதே பேய்க் காற்றாக அடிக்கிறது, குச்சி ஊன்றிக் கட்டாவிட்டால் நிற்காது. கட்டுவதற்கு இந்த ஆரஞ்சுத் துணியைத்தான் கிழித்தேன். மிச்சம் ஒரு முழம் என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். மரம் பருக்கப் பருக்க அவிழ்த்து அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். கட்டுவதற்கு முன்னால் இன்னொரு நூலை உருவி, உங்கள் மகள், மகன் இரண்டு பேர் கண் முன்னாலும் தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன். பாலியஸ்டர்தான். மக்காது.